குடைக்கு அப்ரூவல் வேண்டாம்

"நாம்?"

கண்ணாடிக் கதவை மறித்துக்கொண்டு நின்றவன் டேப்லெட்டிலிருந்து தலை நிமிராமலே இந்தியில் பேர் கேட்டான்.

"பொன்செல்வி. விக்ரோலி ஹப்."

அவன் விரல் திரையில் மேலே போயிற்று. கீழே வந்தது. மறுபடியும் மேலே...

"ஆப்கா நாம் நஹீ ஹை, மேடம்."

பேர் இல்லையா!

பொன்செல்வியின் துப்பட்டா நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாராவியிலிருந்து செம்பூர் வருவதற்குள் பஸ் படகாகிவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருத் தண்ணீரில் நடந்து, மூன்று மாடி ஏறி... வந்து நின்றால் பேர் இல்லையாம்! சொல்கிறவனுக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இல்லையாம்!

இந்திக்காரன்தானே என்கிற தைரியத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் முணுமுணுத்தாள்.

"மூஞ்சியப் பாரு... துணிக்கடை வாசல்ல நிறுத்தி வச்ச பொம்மை கணக்கா! பொம்மையாவது ஆளைப் பாத்து நிக்கும்."

அவன் நிமிர்ந்தான்.

"பொம்மை கழுத்துல விலைச் சீட்டு தொங்கும்ங்க... எனக்கு ஐடி கார்டுதான் தொங்குது" என்றான். தமிழில். அதிலும் திருநெல்வேலி வாடை லேசாக அடிக்கிற தமிழில்!

கார்டைத் தூக்கிக் காட்டினான். முகேஷ். பயிற்சிப் பிரிவு.

போச்சு... மானம் போச்சு!

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். மழைக்கு முந்தின ஆகாசம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. கறுத்து, கனத்து... எந்த நிமிடமும் சிரித்துக் கொட்டிவிடுகிற மாதிரி. ஒரு நொடி, தான் எதற்காக வந்தோம் என்பதே அவளுக்கு மறந்து போயிற்று.

சே! என்ன பார்வை இது? பேர் இல்லை என்கிறான்...

"நல்லாப் பாருங்க" என்றாள், குரலை இறுக்கிக்கொண்டு. "போன வாரமே போர்ட்டல்ல போட்டுட்டேன். ஷிப்ட் லீட், நேரடி வகுப்பு, செம்பூர். அமுக்குனேன். பச்சை டிக்கும் வந்துச்சு!"

"பச்சை டிக் வந்தா ரிக்வெஸ்ட் போயிருக்குன்னு அர்த்தங்க. சேத்தாச்சுன்னு அர்த்தம் இல்லை. சூப்பர்வைசர் அப்ரூவ் பண்ணாத்தான் பேர் இங்க வரும். யாரு உங்க சூப்பர்வைசர்?"

"சாவந்த் சார்."

முகேஷ் உதட்டைக் கடித்தான். "கண்பதிக்கு ஊருக்குப் போயிருப்பாரே..."

போயிருந்தார். பிள்ளையார் சதுர்த்தி வருகிறதென்றால் மும்பையிலிருக்கும் கொங்கணத்துக்காரர்களைப் பிடித்து வைக்க யாராலும் முடியாது. ரத்னகிரி மலைக்குள் எங்கேயோ ஒரு கிராமத்தில், கொழுக்கட்டைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார் சாவந்த். பொன்செல்வி அவருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு மராத்திப் பெண் இனிமையாகச் சொன்னாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே இனிமை.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். முன் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மழையில் வர முடியாத யாரோ ஒருவருடையது.

"அங்கதான் ஒரு சேர் காலியா இருக்கே... சும்மா உக்காந்துக்கிடுதேனே?"

"உக்காரலாம்ங்க. ஆனா அட்டெண்டன்ஸ் போட முடியாது. போடலைன்னா முடிச்சதா காட்டாது. உக்காந்தும் பிரயோஜனம் இல்லை. ரூல் அப்படி..."

அவன் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்தப் பார்சல் கம்பெனியில் மற்ற பாடங்களையெல்லாம் போனிலேயே வீடியோவாகப் பார்த்து முடித்துவிடலாம். இது ஒன்றுதான் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து முடிக்க வேண்டியது. மாதக் கடைசியில், ஷிப்டுக்குத் தலைமை தாங்கப் போகிற லீட்களின் பட்டியல் வரும். இந்த வகுப்பை முடிக்காதவர் பேர் அதில் வராது. போன வருடம் வகுப்பன்று ரயிலே ஓடவில்லை. அடுத்த முறை அவள் பார்ப்பதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன. கையைப் பிடித்து அவள் ஸ்கேனர் சொல்லிக்கொடுத்த பையன்கள் இன்று லீடாகி, "செல்வி, அந்த ட்ராலியைத் தள்ளு" என்கிறார்கள். பட்டியலுக்கு முன்னால் இதுதான் கடைசி வகுப்பு.

உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்து, "முகேஷ், ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். டக்.

அவள் திரும்பினாள். கண்ணில் நிறைந்தது மழையா வேறெதுவுமா என்று அவனுக்குத் தெரியக் கூடாது...

"ஏங்க... ஒரு நிமிஷம்." படிக்கட்டு வரை ஓடி வந்தான். கையில் கறுப்புக் குடை. "நல்லாப் பெய்யுது. இதைக் கொண்டு போங்க."

பொன்செல்வி குடையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஏன்... இதுக்கு அப்ரூவல் வேண்டாமா?"

இறங்கிப் போய்விட்டாள். நனைந்துகொண்டே.

❖

அன்று மத்தியானம் முகேஷின் தட்டிலிருந்த இட்லி ஆறிப் போனது.

எத்தனை பேரை அந்த வாசலில் திருப்பி அனுப்பியிருக்கிறான்! கத்தியவர்கள் உண்டு. மேலதிகாரி பேரைச் சொல்லி மிரட்டியவர்களும் உண்டு. யாரும் அவன் சாப்பாட்டைக் கெடுத்ததில்லை. ஆனால் இவள்... அந்தக் கண்கள்... கோபம் முன்னால் நின்று சண்டை போட, பின்னால் ஒரு ஆசை ஒளிந்து நின்று அழுதுகொண்டிருந்த கண்கள். அந்தக் காலி நாற்காலியை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே...

போர்ட்டலைத் திறந்தான். 'அனுமதிக்குக் காத்திருப்பவர்கள்' என்ற பக்கத்தை அமுக்கினான். பயிற்சிப் பிரிவில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பொன்செல்வி மட்டும் இல்லை. அவளுக்குக் கீழே இன்னும் ஆறு பேர். எல்லாம் விக்ரோலி. எல்லாருக்கும் சாவந்த்தான் அனுமதி தர வேண்டும். பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தவர்கள். மழைக்குப் பயந்து இன்று வராமல் போனார்கள், அவ்வளவுதான். வந்திருந்தால் அவர்களையும் திருப்பித்தான் அனுப்பியிருப்பான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அனுமதி தருகிறவர் லீவில் போனால் அவருக்குப் பதில் யார் என்று எழுத அங்கே ஒரு கட்டம் இருந்தது. சாவந்த் அதை நிரப்பவே இல்லை. காலையில் ஒரே ஒரு போன் செய்திருந்தால்...

முகேஷ் இப்போது செய்தான். விக்ரோலி மேனேஜர், "அட, இவ்வளவுதானா?" என்று அரை நிமிடத்தில் தன் பேரைப் போட்டுக்கொண்டார்.

சரி. அனுமதிக்கு ஆள் கிடைத்துவிட்டது. வகுப்பு?

"இன்னொரு க்ளாஸா? இந்த மாசமேயா?" காலையில் பாடம் எடுத்த திருவேங்கடம் சார் காபி டம்ளரை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாட்டுங்காக்காரர். அவசரம் என்பதே அவர் ரத்தத்தில் கிடையாது. "நான் நாளைக்கு பெங்களூர் கெளம்பறேனேப்பா. பொண்ணாத்துக்கு. வர பத்து நாளாகும்."

"அதுக்குள்ள லிஸ்ட் போயிடும் சார்."

"அப்போ நீயே எடு. உன்கிட்டதான் எடுக்கற சர்டிபிகேட் இருக்கே! என் க்ளாஸ்ல பின்னாடி உக்காந்து உக்காந்து, என் ஜோக்குக்கெல்லாம் எனக்கு முன்னாடி நீ சிரிக்கறே."

முகேஷ் ஒரு அடி பின்னால் போனான். சர்டிபிகேட் இருந்தது. தைரியம்தான் இல்லை. நாலு பேர் முன்னால் நின்று பேச வேண்டும் என்றாலே அவனுக்குக் கை சில்லிட்டுவிடும். அதற்காகத்தான் வாசலையே பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்தான்.

நனைந்துகொண்டே இறங்கிய ஒரு முதுகு மனசுக்குள் வந்தது...

புது வகுப்பு. செம்பூர். சனிக்கிழமை. குறைந்தது ஆறு பேர் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் வகுப்பு தானாக ரத்தாகிவிடும். ஆசிரியர் என்ற கட்டத்தில் விரல் நின்றது.

முகேஷ் என்று அடித்தான்.

❖

"ஏட்டி செல்வி! இங்க வா, இங்க வா! உன் குடைக்காரன் பேரு போர்ட்டல்ல வந்திருக்கு!"

விக்ரோலி ஹப்பில் டீ இடைவேளை. கன்வேயர் பெல்ட் நின்றிருந்தது. ஃபர்ஸானா போனைத் தூக்கிக்கொண்டு, பார்சல் மூட்டைகளைத் தாண்டித் தாண்டி ஓடி வந்தாள். இருவரும் தாராவியில் அடுத்தடுத்த சந்து. ஒரே ரயில், ஒரே டிபன் டப்பா.

"குடைக்காரனா? யாரு?"

"யாரா? அன்னைக்கு வந்ததுல இருந்து ஒரு ஆயிரம் தடவை சொல்லிட்ட. 'குடை வேண்டாம்னுட்டேன்டி, வேண்டாம்னுட்டேன்டி'ன்னு! வேண்டாம்னு சொன்னவ மறந்துல்லா போகணும்?"

பொன்செல்வி போனைப் பிடுங்கினாள். ஷிப்ட் லீட், நேரடி வகுப்பு. ஆசிரியர்: முகேஷ்.

நெஞ்சுக்குள் ஒரு ரயில் பாலத்தைக் கடந்தது. தடதடவென்று... நீளமாக... முடியாமல்...

அந்தக் கண்கள். 'எனக்கு ஐடி கார்டுதான் தொங்குது' என்று சிரித்த அந்தக் கண்கள். நாள் முழுக்க அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கலாம்...

"மழையில நனைஞ்சு போன ராஜகுமாரிக்காகத் தனியா கிளாஸ் திறந்திருக்கான்டி!" ஃபர்ஸானா கண்ணடித்தாள். "செம்பூர்ல எல்லாம் இதே பேச்சாம்."

ரயில் சட்டென்று நின்றது.

"என்ன பேச்சு?"

"அதான்... விக்ரோலிப் பொண்ணு ஒண்ணு வந்து அழுதுச்சாம், சாருக்கு மனசு உருகிட்டாம்..."

"நான் அழல."

"சும்மா சொல்லுதாங்கட்டி."

"நான் சேர மாட்டேன்."

ஃபர்ஸானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "கிறுக்கா உனக்கு? எவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருந்த?"

"அதனாலதான் சொல்லுதேன்." பொன்செல்வியின் மூக்கு நுனி சிவந்தது. "நாளைக்கு நான் லீட் ஆனா என்ன சொல்லுவாங்க? 'உழைச்சு வந்தா'ம்பாங்களா? 'அழுது வந்தா'ம்பாங்க. எனக்கு இரக்கப்பட்டு யாரும் கிளாஸ் திறக்க வேண்டாம். அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன்."

"நீ சேரலைன்னா நானும் சேரல, போ!" என்றாள் ஃபர்ஸானா.

பெல்ட் மறுபடி ஓட ஆரம்பித்தது. அனுமதிக்குக் காத்திருந்த மற்றப் பெண்களும் எதிலுமே பொன்செல்வியைப் பார்த்துத்தான் நடப்பார்கள். அவள் சேரவில்லை என்றதும் ஒருத்தி விரலும் அந்தப் பக்கம் போகவில்லை. செம்பூரில் ஒருவன் மணிக்கொரு தரம் திரையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சேர்ந்தவர்கள்: பூஜ்யம்.

❖

வியாழக்கிழமை சாயங்காலம். மாட்டுங்கா பூக்கடைத் தெரு.

மழை தூறிக்கொண்டிருந்தது. நீல பிளாஸ்டிக் படுதாக்களின் விளிம்பில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு தண்ணீர். கீழே மல்லிகைக் குவியல், சாமந்திக் குவியல், ஆளுயர ரோஜா மாலைகள்... தெருவே ஈரமான வாசனையாக இருந்தது. வீட்டுப் பிள்ளையாருக்கு அருகம்புல் வாங்க வந்த பொன்செல்வி அந்த வாசனைக்குள் மிதந்து வந்தாள்.

ஒரு கடையோரம் பழக்கப்பட்ட குரல் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம்... என் பேரு முகேஷ்... இல்ல, இல்ல. நமஸ்தே. வணக்கம். லீட்னா யாரு? லீட்னா..."

தொங்கிக்கொண்டிருந்த ரோஜா மாலைகளின் எதிரில், கையில் போனோடு நின்றிருந்தான் அவன். மாலைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்வை.

"தம்பி" என்றாள் கடைக்காரம்மாள் பொறுமை இழந்து. "பூ வாங்குதியா... எலெக்‌ஷன்ல நிக்குதியா?"

பொன்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்துவதற்குள் அவன் திரும்பிவிட்டான். போன் கையிலிருந்து நழுவி மல்லிகைக் குவியலில் புதைந்தது. அவள்தான் குனிந்து எடுத்தாள். திரையில் தமிழ்ப் பேச்சு முழுவதும் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

"தமிழ் எழுத வராதா?"

"பேச வரும். எழுத்து மட்டும்... மெதுவா..." காது வரை சிவந்தான். "பேசவும் நாலு பேருக்கு முன்னாடி வராது. அதான் பூவுக்கு முன்னாடி..."

"அவ்வளவு பயம் இருக்கவரு எதுக்கு கிளாஸ் திறந்திய?" கேட்க நினைத்ததைக் கேட்டேவிட்டாள். "எனக்காகவா? ஊரே பேசுது. எனக்கு யாரு இரக்கமும் வேண்டாம்."

"உங்களுக்காகத் திறக்கலைங்க."

அவள் எதிர்பார்க்காத பதில். எதிர்பார்க்காத ஒரு வலி, லேசாக... ரோஜா முள் மாதிரி.

"உங்களை மாதிரியே இன்னும் ஆறு பேர் பெண்டிங்ல இருந்தாங்க. எல்லாம் உங்க ஹப். ஃபர்ஸானா, நஜ்முன்னிசா... எல்லாருக்கும் பச்சை டிக். யாருக்கும் சீட் இல்லை. உங்களைத் திருப்பி அனுப்பாட்டி நான் அந்தப் பக்கத்தைத் திறந்தே பாத்திருக்க மாட்டேன். அது உண்மை. ஆனா திறந்தது ஏழு பேருக்கும்." அவன் மூச்சு வாங்கினான். "ஏழு பேரும் சேரலை. நாளைக்கு கிளாஸ் ரத்தாயிடும். உங்களுக்குக் கோபம் இருந்தா என் மேல வச்சுக்கோங்க. அவங்க என்ன செய்தாங்க?"

படுதாவில் மழை வலுத்தது. பொன்செல்வி அவன் போனை அவன் கையில் வைத்தாள்.

லீட் ஆக வேண்டும், லீட் ஆக வேண்டும் என்று தவம் கிடந்தவள்... தன் பின்னால் வருகிற ஆறு பேரைத் திரும்பிப் பார்க்கவே இல்லையே! தன்மானம் என்று தான் பிடித்துக்கொண்டு நின்றதும் ஒரு கண்ணாடிக் கதவுதானா?

"பரீட்சை யாரு திருத்துவா?" என்றாள் மெதுவாக.

"சிஸ்டம்தான். நான் தொடக்கூட முடியாது. நீங்க தப்பா எழுதினா ஃபெயில்தான்."

"நான் ஏன் தப்பா எழுதப் போறேன்?"

தன் போனை எடுத்தாள். போர்ட்டல். வகுப்பு. அமுக்கினாள். பச்சை டிக். அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது வெறும் ரிக்வெஸ்ட்டு. எனக்குத் தெரியும். சீட் எப்போ?"

"மேனேஜர் ராத்திரிக்குள்ள போட்டுருவாரு. நான் போன் பண்ணுதேன்... பண்றேன்."

"பண்ணுதேன்னே சொல்லுங்க. நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவசர அவசரமாக ஃபர்ஸானாவை அழைத்தாள். "ஏட்டி, எல்லாரையும் இப்பவே சேரச் சொல்லு... ஆமா, நானும்தான்... சிரிக்காத, வையி!"

பிறகு அவனிடம் விரல் நீட்டினாள்.

"கிளாஸ்ல எனக்குச் சலுகை கிடையாது. கேள்வி கேப்பேன். லிஸ்ட் வர்ற வரைக்கும் வேற பேச்சும் கிடையாது."

"வேற பேச்சா?" அவன் கண்கள் விரிந்தன. "நான் வேற எதுவும் பேசவே இல்லைங்களே..."

பொன்செல்வியின் முகத்தில் அந்தத் தெருவின் ரோஜா மொத்தமும் பூத்தது. அருகம்புல்லை வாங்காமலே நடந்துவிட்டாள்.

❖

சனிக்கிழமை. அதே அறை. அதே முன் வரிசை நாற்காலி. இன்று அதில் பொன்செல்வி.

"எல்லாருக்கும் வணக்கம். நமஸ்தே. என் பேரு..."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

ஏழு முகங்கள். பதினாலு கண்கள். முகேஷ் மார்க்கர் மூடியைத் திறந்தான், மூடினான். ஒரு பெண் இருமினாள். ஃபர்ஸானா, "அவருக்கு அவரு பேரே மறந்துட்டுட்டி" என்று கிசுகிசுத்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு கேள்வி."

பொன்செல்வி எழுந்து நின்றாள்.

"ஒரு ஆளு மழையில நனைஞ்சு வந்து வாசல்ல நிக்கா. லிஸ்ட்ல பேரு இல்லை. ரூல்படி உள்ள விட முடியாது. லீடா இருக்கவரு என்ன செய்யணும்?"

அறை முழுக்கச் சிரிப்பு. முகேஷ் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான். பதினாலு கண்களில் பன்னிரண்டு மெல்ல மங்கின. இரண்டு மட்டும் நின்றன. 'பேசுங்க... நான் இருக்கேன்' என்றன.

"இல்லைன்னு சொல்லணும்" என்றான். குரல் வந்துவிட்டது! "ரூல் ரூல்தான். ஆனா இல்லைன்னு சொன்னதோட அவர் வேலை முடியலை. ஏன் இல்லைன்னு பாக்கணும். யார்கிட்ட மாட்டிக்கிட்டு இருக்குன்னு தேடணும். ஒரு போன் போடணும். நான்... அன்னைக்கு அதைச் செய்யலை. கதவை மட்டும் பாத்துக்கிட்டு நின்னேன். கதவுக்கு முன்னாடி நின்ன ஆளைப் பாக்கலை. லீட்னா..."

நிறுத்தினான். புன்னகைத்தான்.

"லீட்னா ஆளைப் பாத்து நிக்கணும். பொம்மை மாதிரியாவது."

பொன்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி பாவனை. பேனா மூடியே திறக்கவில்லை.

அதன் பிறகு அவன் நிற்கவே இல்லை. தமிழும் இந்தியுமாகக் கொட்டித் தீர்த்தான். அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு அவனை மடக்கினாள். ஒரு தடவை அவள் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டு போர்டை அழித்தான். மழை எப்போது நின்றது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

❖

மாதக் கடைசி. செம்பூர்.

மழைக்காலத்தின் கடைசி மழை போலிருந்தது. போக மனசில்லாமல் திரும்பித் திரும்பி வந்து பெய்துகொண்டிருந்தது. வேலை முடிந்து கட்டட வாசலுக்கு வந்த முகேஷ் பையைத் துழாவினான். குடை இல்லை. மேலேயே மறந்துவிட்டான். இரண்டு நாளாக அவனுக்கு எல்லாமே மறந்தது.

பட்டியல் காலையிலேயே வந்துவிட்டது. அவள் பேர் இருந்தது. ஃபர்ஸானா பேரும் இருந்தது. பொன்செல்வியிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

லிஸ்ட் வர்ற வரைக்கும் வேற பேச்சு கிடையாது என்றாள். வந்த பிறகு?

ஒருவேளை... வேற பேச்சே இல்லையோ?

"நாம்?"

திடுக்கிட்டுத் திரும்பினான்.

தூணோரம் பொன்செல்வி. கையில் மடக்கிய புதுக் குடை. மயில் கழுத்து நிறம். கூந்தலில் மல்லிகை. கழுத்தில் புது ஐடி கார்டு. ஷிப்ட் லீட்.

"உங்க பேரைக் கேட்டேன்" என்றாள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

"மு... முகேஷ்."

காற்றில் விரலை மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள். "லிஸ்ட்ல இல்லையே..."

"ரிக்வெஸ்ட் போட்டிருக்கேங்க" என்றான். "ரொம்ப நாளா பெண்டிங்ல இருக்கு. அப்ரூவ் பண்ற ஆளு... ஊருக்கு எங்கயும் போயிட்டாங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

"ஊருக்கெல்லாம் போகல. இங்கதான் நிக்கேன்." அவள் குரல் தழைந்தது. "ரிக்வெஸ்ட் போட்டேன், போட்டேங்கிய... எனக்கு ஒண்ணும் வந்து சேரலையே. ரோஜா மாலைகிட்ட பேசுன ஆளு... எங்கிட்ட பேசுனாத்தானே?"

பேசப் பயம்தான். ஆனால் இந்த முறை எதிரில் இரண்டே கண்கள்தானே? அவனுக்குப் பேச வந்த கண்கள்தானே?

"அன்னைக்கு உங்களுக்காகத் திறக்கலைன்னு சொன்னேன். கிளாஸ் ஏழு பேருக்குத்தான். அது பொய் இல்லை. ஆனா சனிக்கிழமை விடியக்காலையிலேயே வந்து அந்த வாசல்ல நின்னேன் பாருங்க... அது உங்க ஒருத்திக்காகத்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, செல்வி. சண்டை போடுறது பிடிச்சிருக்கு. கேள்வி கேட்டு மடக்குறது பிடிச்சிருக்கு. ஆயுசு முழுக்க மடக்குங்க... நான் போர்டை அழிச்சிட்டு அழிச்சிட்டு எழுதிக்கிடுதேன்."

பொன்செல்வி குடைப் பிடியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

அவள் இமைகளின் ஓரத்தில் ஏதோ பளபளத்தது. இந்தத் தடவை அதை மறைக்க அவள் திரும்பிக்கொள்ளவில்லை.

"எங்க வீட்ல எங்கப்பா சுயம்பு இருக்காவ. தொண்ணூறடி ரோட்ல பலசரக்குக் கடை. ரெண்டாவது அப்ரூவல் அவிய கையிலதான். கொஞ்சம் லேட் பண்ணுவாவ. முறைப்பாவ."

"காத்திருக்கேன். அவர் ஊருக்கு எதுவும் போக மாட்டாரே?"

"போனாலும் பதிலுக்கு எங்கம்மா இருக்காவ. அந்தக் கட்டத்தை நான் ஏற்கெனவே நிரப்பிட்டேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தக் கறுத்த ஆகாசம் ஒரு வழியாகக் கொட்டித் தீர்த்தது. சிரித்துக்கொண்டே மழையைப் பார்த்தான். "குடையை மேலேயே விட்டுட்டேன். போய் எடுத்துட்டு..."

டப்பென்று மயில் கழுத்துக் குடை விரிந்தது. அவள் அதை அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். அவள் தோளில் மழை விழுந்தது.

"இதுக்கு அப்ரூவல் வேண்டாம்" என்றாள் பொன்செல்வி. "உள்ள வாங்க..."